அன்றாடக் கூலிக்காரர்களுக்கு அவசரச் சிறுகடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலை, வீட்டு வேலை, தள்ளுவண்டி, சுமை தூக்குதல், வாடகை வண்டி என்று சம்பளச் சீட்டு இல்லாத வேலைகளில் இருப்பவர்கள் திடீர்ப் பணத்தேவை வரும்போது கேட்கிற கேள்விகள் இவை. முதல் பகுதி கடன் வாங்குபவர்களுக்கு. பிற்பகுதி, பத்து இருபது பேர் சேர்ந்து தங்களுக்குள் ஓர் அவசர நிதி நடத்த நினைப்பவர்களுக்கு. கணக்குகளில் பணத்தின் பெயரைப் போடவில்லை. எந்த நாட்டுப் பணத்தில் போட்டாலும் விகிதம் அதேதான்.

எதையெல்லாம் அவசரம் என்று சொல்லலாம்?

இன்றைக்குச் செலவழிக்காவிட்டால் நாளைக்குச் செலவு கூடும், அல்லது வருமானம் நின்றுபோகும் என்றால் அது அவசரம். மருந்து, வண்டியின் பிரேக், உடைந்துபோன வேலைக் கருவி, சாவுக்குப் போய்வர வழிச்செலவு எல்லாம் இதில் சேரும். பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் எவ்வளவு நெருக்கினாலும் அவசரம் ஆகாது. அவை வரும் தேதி முன்பே தெரியும். ஆண்டுதோறும் அவற்றுக்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்றால் வருமானத்தில் நிரந்தரமாக ஒரு துண்டு விழுகிறது என்று பொருள். அதை அவசரக் கடனால் அடைக்க முடியாது.

கடன் கேட்கும் முன், பணம் கொடுக்க வேண்டிய இடத்திலேயே தவணை கேளுங்கள். மருத்துவமனை, வீட்டுக்காரர், பழுது பார்ப்பவர் என்று யாராக இருந்தாலும், "பாதி இப்போது, மீதி இரண்டு தடவையாக" என்று தேதியோடு சொன்னால் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. ரசீதின் பின்பக்கம் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வட்டியில்லாமல் கிடைக்கிற கடன் அதுதான். கூச்சத்தினாலேயே பலர் அதைக் கேட்பதில்லை.

எவ்வளவு வாங்கினால் திருப்பிக் கட்ட முடியும்?

நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒருவருக்கு நாள்கூலி 600. வீட்டுச் செலவு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளுக்கு 400. அப்படியானால் 30 நாளைக்குச் செலவு 12,000. மாதத்தில் 26 நாள் வேலை கிடைத்தால் வரவு 15,600, மிச்சம் 3,600. 14 நாள்தான் கிடைத்தது என்றால் வரவு 8,400. இப்போது அதே 3,600 துண்டு விழுகிறது.

"மாதம் 3,600 மிஞ்சுகிறதே" என்று 3,500 தவணைக்கு ஒப்புக்கொண்டவர் முதல் மோசமான மாதத்திலேயே இரண்டாவது கடன் வாங்குவார், முதல் கடனைக் கட்டுவதற்காக. நல்ல மாத மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது இந்தக் கணக்கில் 1,200க்கு மேல், தவணை போகக் கூடாது. ஓராண்டில் ஒன்றிரண்டு தவணைகளைத் தள்ளிப்போட அனுமதி உண்டா என்றும் முதலிலேயே கேளுங்கள். கூலி வாரக்கடைசியில் வருகிறது என்றால் தவணையும் அதற்கு மறுநாள் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை பெரிய தொகையாகக் கட்டச் சொல்லும் கடன், நாள்கூலிக்காரருக்கு வட்டி குறைவாக இருந்தாலும் ஆபத்துதான். நான்கு வாரம் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது ஒண்டுக்குடித்தன வீட்டில் நடக்கிற காரியமில்லை.

இன்னொன்று: குறைவது 1,000 என்றால் 1,000 மட்டும் வாங்குங்கள். "எப்படியும் எழுதுகிறோம், 5,000ஆகவே வாங்கிக்கொள்ளுங்களேன்" என்பது கடன் கொடுப்பவருக்கு லாபம்.

10,000 கேட்டேன். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இது எத்தனை வட்டி?

தண்டல்காரர் "நூற்றுக்குப் பதினைந்துதான், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல்" என்பார். கேட்கும்போது மாதம் ஐந்து வட்டி போலத் தோன்றும். உண்மையில் அது மாதம் ஏறத்தாழ 10 வட்டி, அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 120 வரை.

காரணம் இரண்டு. முதலாவது, உங்கள் கைக்கு 10,000 வரவேயில்லை. 8,500க்குத்தான் 1,500 வட்டி. இரண்டாவது, அந்த 8,500ம் 100 நாள் முழுக்க உங்களிடம் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் அவர் கைக்குத் திரும்பிவிடும். சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகையைத்தான் வைத்திருந்தீர்கள். வட்டியோ முழுத் தொகைக்கும் கொடுத்தீர்கள். மனக்கணக்காகப் போட ஒரு வழி: கைக்கு வந்த தொகையில் பாதியை எடுங்கள் (4,250). கூடுதலாகக் கட்டும் தொகையை (1,500) அதனால் வகுங்கள். 100 நாளுக்கு நூற்றுக்கு 35 என்று வரும். அதை மாதத்துக்குப் பிரித்தால் பத்தரை. துல்லியமான விடைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

தண்டல் கெட்டதா என்றால், அதில் ஒரு வசதி இருக்கிறது: வாசலுக்கே வந்து, அன்றைய வரும்படியிலிருந்து சிறு தொகையாக வாங்கிப் போகிறார்கள். கூலிக்காரரின் வரவுக்கு இவ்வளவு பொருந்தும் தவணை வேறில்லை. அந்த வசதிக்குத்தான் இத்தனை விலை.

"இரண்டு வட்டி" என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். ஒருவரிடம் அதிகம் கட்ட வேண்டியிருக்கிறதே, ஏன்?

ஒருவர் தொடக்கத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுகிறார். மற்றவர் பாக்கிக்கு மட்டும் போடுகிறார். 12,000 கடன், 12 மாதம், நூற்றுக்கு மாதம் 2 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் மாதம் 240 வீதம் 12 மாதத்துக்கு 2,880 வாங்குவார். இரண்டாமவரிடம் மாதம் 1,000 அசல் கழியக் கழிய வட்டி 240, 220, 200 என்று இறங்கி, கடைசி மாதம் 20 வரும்; கூட்டினால் 1,560. சொல் ஒன்று, கட்டும் பணத்தில் 1,320 வித்தியாசம். முதல் ஆளின் "இரண்டு வட்டி", பாக்கிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் மூன்றரை வட்டிக்குச் சமம்.

எனவே வட்டி விகிதத்தைக் கேட்டு ஒப்பிடாதீர்கள். மூன்றே எண்களைக் கேளுங்கள்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், கடைசித் தவணை எந்தத் தேதி. முன்கூட்டியே அடைத்தால் வட்டி குறையுமா என்பது நான்காவது கேள்வி. "பரிசீலனைக் கட்டணம்", "காப்பீடு", "பத்திரச் செலவு" என்று எந்தப் பெயரில் பிடித்தாலும் அது வட்டிதான்.

செல்போன் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் கிடைக்கிறதே?

கிடைக்கும். 5,000 என்று காட்டி 3,500 அனுப்புவார்கள். ஏழாம் நாள் 5,000 கேட்பார்கள். ஏழு நாளைக்கு நூற்றுக்கு 43 வட்டி. கட்ட முடியாதவருக்கு "1,500 மட்டும் கட்டி ஒரு வாரம் நீட்டிக்கொள்ளலாம்" என்று பொத்தான் வரும். நான்கு வாரம் நீட்டினால் 6,000 கட்டியிருப்பீர்கள்; 5,000 பாக்கி அப்படியே நிற்கும்.

நிறுவும்போது செயலி என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். தொடர்பு எண்கள், படங்கள் என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வசூலிக்க உங்கள் உறவினர்களுக்கும் மேஸ்திரிக்கும் செய்தி அனுப்புவதற்குத்தான் அது. கூகுள் பிளேயின் பொது விதிப்படி, 60 நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பக் கேட்கும் தனிநபர் கடன் செயலிகளுக்கு அங்கே இடமில்லை. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்க 2023 முதல் தடையும் இருக்கிறது. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பி நேரடியாக நிறுவச் சொல்கிறார்கள். கடன் தருவதற்கு முன்பே "பதிவுக் கட்டணம்" கேட்டால் அங்கே கடனே கிடையாது. அந்தக் கட்டணத்தைச் சுருட்டுவதுதான் தொழில்.

நகையை அடகு வைப்பது மேலா, கைக்கடன் மேலா?

திருப்ப முடியும் என்ற நம்பிக்கை பாதிதான் என்றால் அடகு மேல். முடியாமல் போனால் நகை மூழ்கும், அவ்வளவோடு முடிந்துவிடும். வாசலில் யாரும் வந்து நிற்பது பெரும்பாலும் இருக்காது. ஏழைகளைக் கடுவட்டியிலிருந்து காப்பாற்றவே 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் அறக்கட்டளை அடகுக்கடை தொடங்கியது. பாரிஸில் 1637இல் தொடங்கிய அப்படிப்பட்ட கடை, நகராட்சி நிறுவனமாக இன்றும் நடக்கிறது.

அடகு வைக்கும்போது செய்ய வேண்டியவை: வீட்டிலேயே நகையைப் படம் எடுங்கள், எடை போடுவதைக் கண்ணால் பாருங்கள், கல்லுக்கும் பற்றவைப்புக்கும் எவ்வளவு எடை கழித்தார்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நகை இருந்தால் மூன்று தனிச் சீட்டாக வையுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஒரே சீட்டில் சேர்த்து வைத்துவிட்டால் முழுப் பணமும் சேர்ந்தால்தான் ஒரு தோடாவது திரும்பும். தனித்தனியாக இருந்தால் சிறியதிலிருந்து ஒவ்வொன்றாக மீட்கலாம். முடியாமல் போனாலும் ஒன்றுதான் மூழ்கும். ஏலத்துக்கு முன் அறிவிப்பு வருமா, ஏலத்தில் கூடுதலாகக் கிடைத்தால் அது யாருக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் முன்பணம் வாங்கலாமா?

வட்டியில்லாமல், நாள்கூலியில் இவ்வளவு கழியும் என்று எழுதிக் கொடுத்தால் நல்ல வழி. எழுதாமல் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேண்டாம். செய்யும் வேலையின் நியாயமான மதிப்பு கடனில் கழியாவிட்டாலோ, எவ்வளவு காலம், என்ன வேலை என்ற வரையறை இல்லாவிட்டாலோ அதைக் கடன் அடிமைத்தனம் என்கிறது அடிமைமுறை ஒழிப்புக்கான ஐ.நா.வின் 1956ஆம் ஆண்டுத் துணை ஒப்பந்தம். ஒவ்வொரு கூலி நாளிலும் கழிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று உங்கள் நோட்டிலும் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். பாக்கி தீரும்வரை வேறு இடம் போகக் கூடாது என்பது நிபந்தனையானால் முன்பணத்தை வாங்காதீர்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்து, வங்கி அட்டை, கடவுச்சீட்டு என்று கேட்கிறார்கள்.

எதையும் கொடுக்காதீர்கள். தொகை எழுதாத புரோநோட்டில் பிறகு எந்த எண்ணையும் எழுதலாம். அட்டையும் ரகசிய எண்ணும் கொடுத்தால் கூலி கணக்கில் விழுந்த நிமிடமே முழுவதும் எடுக்கப்படும். அந்த வாரம் சாப்பாட்டுக்கு இன்னொரு கடன். எழுதிய புரோநோட்டு என்றால் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, மிச்ச இடத்தில் கோடிழுத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். கடன் தீர்ந்த அன்றே அதைத் திரும்ப வாங்கிக் கிழியுங்கள். "அப்புறம் தேடித் தருகிறேன்" என்றால் "தீர்ந்தது" என்று எழுதிய ரசீதாவது வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

அடுத்தவருக்கு ஜாமீன் போடுவதும் கடன் வாங்குவதும் ஒன்றுதான். அவர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் நீங்கள் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இந்தத் தவணையைக் கட்ட முடியவில்லை. என்ன செய்வது?

தவணை நாளுக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். கையில் இருப்பதைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தவறிய பிறகு தேடி வரும்போது சொன்னால் பேச்சே வேறாக இருக்கும். பாக்கியோடு வட்டியைச் சேர்த்துப் புதுக் கடனாக எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வட்டிக்கு வட்டி ஓடத் தொடங்குவது அங்கேதான். காலம் நீட்டலாம், அசல் கூடக் கூடாது.

வட்டி எவ்வளவு ஏறலாம் என்பதற்குச் சில நாடுகளில் மேல்வரம்பு உண்டு. பிரிட்டனில் 2015 ஜனவரி முதல் குறுகியகால அவசரக் கடனுக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.8 மேல் போகக் கூடாது. வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்தும் வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுக் கடன் சட்டப்படி, தவணை தவறிய காலத்தில் ஏறும் வட்டியும் கட்டணங்களும் அப்போதிருந்த அசல் பாக்கியைத் தாண்டக் கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன வரம்பு என்று இலவசச் சட்ட உதவி மையத்திலோ தொழிற்சங்கத்திலோ கேளுங்கள். மிரட்டல் வந்தால் நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

நாங்களே ஒரு நிதி தொடங்க எத்தனை பேர், எவ்வளவு பணம் வேண்டும்?

15 முதல் 25 பேர். அதற்குக் குறைந்தால் பணம் சேராது. கூடினால் கூட்டம் சந்தையாகிவிடும். கேர் என்ற தொண்டு நிறுவனம் 1991இல் நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் பெண்களோடு தொடங்கிப் பின்பு பல நாடுகளுக்குப் பரவிய கிராமச் சேமிப்புக் கடன் குழுக்கள் இந்த அளவில்தான் நடக்கின்றன.

20 பேர், வாரம் 50 என்றால் வாரத்துக்கு 1,000. முதல் 12 வாரம் யாருக்கும் கடன் கிடையாது, 12,000 சேரட்டும். இந்தப் பன்னிரண்டு வாரமே ஒரு சோதனை. ஒழுங்காக வராதவர் யார் என்று பணம் வெளியே போகும் முன் தெரிந்துவிடும். பிறகு மூன்றில் ஒரு பங்கை (4,000) தொடாமல் வைத்து, மீதி 8,000த்தில் ஆளுக்கு அதிகபட்சம் 2,000 வீதம் நான்கு பேருக்குக் கொடுக்கலாம். வாரம் 250 வீதம் எட்டு வாரத்தில் திரும்ப வேண்டும். நான்கு பேரிடமிருந்து 1,000, சேமிப்பு 1,000 என்று வாரம் 2,000 உள்ளே வரும். ஆக, வாரத்துக்கு ஒரு புதிய கடன் கொடுத்துக்கொண்டே போகலாம்.

பணத்தையும் கணக்கையும் யார் வைத்திருப்பது?

இரும்புப் பெட்டி ஒன்று, பூட்டு மூன்று. மூன்று சாவியும் மூன்று பேரிடம். பெட்டி நான்காமவர் வீட்டில். கூட்டம் தவிர வேறெப்போதும் திறப்பதில்லை. பெட்டியைத் திறந்ததும் போன வாரம் எவ்வளவு என்று எல்லோரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். அதன் பிறகு இரண்டு பேர், ஒருவர் எண்ணியதை மற்றவர் திரும்ப எண்ணி, தொகையை உரக்கச் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கணக்கைப் பிடித்துக்கொள்வது இந்த உரத்த குரலால்தான். ஆளுக்கொரு சிறு புத்தகம். சேமித்த ஒவ்வொரு 50க்கும் ஒரு முத்திரை. கடன் பக்கம் தனி. எல்லாம் எழுதி முடித்தபின் மீதித் தொகையை மறுபடி உரக்கச் சொல்லி மூன்று பூட்டும் போடுவார்கள். செயலர் வீட்டில் உட்கார்ந்து "பிறகு எழுதிக்கொள்ளும்" குழுக்கள்தான் உடைகின்றன.

நள்ளிரவில் அவசரம் வந்தால்? கூட்டம் ஐந்து நாள் கழித்துத்தானே?

இதற்காகவே தொடாத 4,000த்தில் 1,000ஐப் பெட்டிக்கு வெளியே, பொறுப்பாளர் ஒருவரிடம் வைக்கலாம். ஒரு தடவைக்கு 500 வரை, இன்னோர் உறுப்பினருக்குப் போனில் தெரிவித்துவிட்டு அவர் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் காரணத்தோடு கணக்குச் சொல்ல வேண்டும். ரசீது கேட்காதீர்கள், குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது யாரும் காகிதம் தேடமாட்டார்கள்.

கடனுக்கு வட்டி வைக்க வேண்டுமா?

2,000 கடனுக்கு, கடைசித் தவணையோடு 20 என்ற ஒரே கட்டணம் போதும். முன்கூட்டிப் பிடிக்காதீர்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று என்று வைத்தால் பணம் தேவைப்படாதவர்கள் லாபத்துக்காகச் சேமிப்பார்கள், தேவைப்படுபவர்கள் அவர்களுக்கு வட்டி கட்டுவார்கள். கொஞ்ச நாளில் அது உள்ளூர் வட்டிக்கடையாகிவிடும்.

இப்படிப்பட்ட நிதிகள் எதனால் முறிகின்றன?

ஏமாற்றுக்காரர்களால் முறிவதைவிட, ஒரே நாளில் எல்லோருக்கும் கஷ்டம் வருவதால் முறிவது அதிகம். இருபது பேரும் கட்டட வேலை என்றால் மழை பிடித்ததும் இருபது பேருக்கும் வேலை இல்லை. எல்லோரும் கடன் கேட்பார்கள், யாரும் தவணை கட்டமாட்டார்கள். அதனால் வீட்டு வேலை, காய்கறி வியாபாரம், வண்டி ஓட்டுதல் என்று வேறுவேறு பிழைப்பு உள்ளவர்களைச் சேருங்கள். ஒரே தொழிலில்தான் ஆள் கிடைக்கிறார்கள் என்றால் மழைக்கு இரண்டு மாதம் முன்பே புதுக்கடனை நிறுத்திப் பெட்டியை நிரப்புங்கள். மழையில் கடனைச் சிறிதாக, 500 வீதம், பலருக்குக் கொடுங்கள்.

அடுத்த காரணம், பெயர் கொடுத்து வாங்குவது. தன் வரம்பு தீர்ந்தவர் இன்னொருவர் பெயரில் வாங்குவார். தவணை நிற்கும்போது இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். பணத்தைக் கூட்டத்தில் வாங்குபவர் கையிலேயே கொடுத்து, எதற்கு என்று அவர் வாயால் சொல்ல வைத்தால் இது பாதி குறையும். தலைவரும் சாவி வைத்திருப்பவர்களும் வாங்கும் கடனுக்கும் அதே 2,000தான் வரம்பு. அதில் விலக்கு கொடுத்த அன்றே குழு முடிந்தது.

ஒருவர் கட்டாமலேயே இருந்தால்?

முதலில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். நோய், வேலையின்மை என்றால் எட்டு வாரத்தைப் பதினாறாக்கி, தவணையை 125ஆகக் குறையுங்கள். கட்ட முடிந்தும் கட்டாதவர் என்றால் அவருடைய சேமிப்பில் கழித்துக்கொண்டு விலக்குங்கள். வீட்டுச் சாமானைத் தூக்கி வருவது, தெருவில் பேரைச் சொல்லித் திட்டுவது இரண்டும் கூடாது. அடுத்த அவசரத்தில் மற்றவர்களும் உங்களிடம் வராமல் தண்டல்காரரிடமே போய்விடுவார்கள்.

ஆண்டு முடிவில் பணம் என்ன ஆகும்?

நாற்பத்தெட்டு வாரத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கடைசி எட்டு வாரம் புதுக்கடன் இல்லை. எல்லாப் பாக்கியும் உள்ளே வரட்டும். மொத்தச் சேமிப்பு 48,000, கொடுத்த 36 கடன்களில் கட்டணம் 720 என்றால் பெட்டியில் 48,720 இருக்கும். சேமித்த ஒவ்வொரு 100க்கும் 101.50. 2,400 சேமித்தவருக்கு 2,436. நடுவில் விலகுபவருக்குச் சேமித்தது மட்டும், கடன் பாக்கி போக, அடுத்த கூட்டத்திலேயே. பிரித்த அன்றைக்கே அடுத்த சுற்றின் முதல் 50ஐ வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.